தண்ணீர் ஊற்றாத அசனச் சோறு

அன்புள்ள தம்பிக்கு,

வகுப்பில் பாடம் தொடங்கும் முன் கரும்பலகையில் தலைப்புகளை வரிசையாக எழுதிப் போடுவது என் வழக்கம். அப்படி எழுதிப் போடாவிட்டால் பாதியில் நின்றுவிடுவேனோ என்று பயம். இந்தக் கடிதத்துக்கும் அதே பயம் இருப்பதால், சொல்லப்போவதை முதலில் எழுதிவிடுகிறேன்.

1. பெனிட்டா எதனால் இறந்தாள்.
2. சோற்றைச் சூடுபண்ணியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நீ சொன்னது ஏன் சரியில்லை.
3. அன்று இரவு அந்தச் சோற்றில் ஏன் தண்ணீர் ஊற்றவில்லை.
4. ஊரே அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்க, நம் வீட்டில் மட்டும் ஏன்.
5. எஸ்தர் உனக்காகக் காத்திருக்கிறாள்.

நீ அடுத்த மாதம் துபாய்க்குப் போகிறாய் என்று உன் அக்கா போனில் சொன்னாள். போகும் முன் சங்கரன்கோவிலுக்கு வரமாட்டாய் என்றும், எஸ்தரோடு இனிச் சேர்ந்து இருக்க முடியாது என்று நீ முடிவு செய்துவிட்டதாகவும், அதை நான்தான் எஸ்தரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பதாகவும் சொன்னாள். நான் சொல்லவில்லை. உன் மனைவியிடம், என் மருமகளிடம் போய் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லும் தைரியம் எனக்கு வராது. நீயும் அதைத் தெரிந்துதான் என்னிடம் விட்டிருப்பாய் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. சொல்லாமலே நாள் ஓடிவிடும் என்று நீ நினைத்திருக்கலாம். அப்படி நினைக்காமலும் இருக்கலாம்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. நம் சபைப் பத்திரிகையில் போடும்படி கேட்கலாம் என்றிருக்கிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறேனே என்று உனக்குக் கோபம் வரும். ஆனால் நீ எஸ்தரைக் கேட்டது கல்லறைத் தோட்டத்தில், குழி மூடி மண் காயும் முன், சபையார் எல்லாரும் நிற்கும்போது. அன்று கேட்டவர்கள் எல்லாரும் இதையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது. என் பேத்தி பெனிட்டாவைக் கொன்றது ஒரு கிருமி உண்டாக்கிய நஞ்சு. கிருமியின் பெயர் பேசில்லஸ் சீரியஸ். அது அபூர்வமான கிருமி இல்லை. வயல் மண்ணில் இருப்பது. நெல்லோடு களத்துக்கு வந்து, அரிசியோடு வீட்டுக்கு வருகிறது. நீயும் நானும் பிறந்தது முதல் அதைத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். உலை கொதிக்கும்போது கிருமி செத்துப்போகும். ஆனால் அதன் வித்துகள் சாகாது. கெட்டியான உறைக்குள் உயிரை ஒடுக்கிக்கொண்டு கொதியைத் தாங்கிவிடும். சோறு ஆறி வெதுவெதுப்பான சூட்டுக்கு வந்ததும் முளைத்துக்கொள்ளும், பெருகும். இதுவரைக்கும் எல்லா வீட்டுச் சோற்றிலும் நடப்பதுதான். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மிஞ்சிப்போனால் ஒருநாள் வயிற்றுப்போக்கு.

ஆனால் இந்தக் கிருமிகளில் சிலவற்றிடம் மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது. கிருமியின் மரபணுக்கள் ஒரு நீண்ட இழையில் இருக்கும். அந்த இழைக்கு வெளியே, தனியாக, ஒரு சிறு வளையமும் சிலவற்றிடம் கிடக்கும். அதைப் பிளாஸ்மிட் என்போம். அந்த வளையத்தில் உள்ள சில மரபணுக்கள் சேர்ந்து சீரியூலைடு என்ற நஞ்சைச் செய்கின்றன. வளையம் இல்லாத கிருமி அதைச் செய்யாது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இந்த நஞ்சு உடம்பின் உயிரணுக்களுக்குள் சக்தி உண்டாகும் இடத்தில் போய் வேலையைக் கெடுக்கிறது. பெரியவர்களுக்கு வாந்தியோடு தீர்ந்துவிடும். எப்போதாவது, மிக அபூர்வமாக, ஒரு சிறு பிள்ளைக்கு ஈரல் செயலிழந்துவிடும். பெனிட்டாவுக்கு அதுதான் நடந்தது. காலையில் வாந்தி எடுத்த பிள்ளை சாயந்தரம் கண் சொருகிக் கிடந்ததும், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஈரல், ஈரல் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். மறுநாள் அவர்கள் உன்னைத்தான் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள்.

பானையில் மிச்சமிருந்த சோற்றைச் சுகாதார அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். என் வேண்டுகோளுக்காக, சோற்றிலிருந்து வளர்த்த கிருமியில் அந்த மரபணு இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். அவள் போன் வரும்போது நான் பூ மார்க்கெட் பக்கம் நின்றிருந்தேன். பின்னால் சரக்கு ஆட்டோக்காரன் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். “சார், ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன் சார். பாசிட்டிவ்தான்” என்றாள். ரொம்ப நன்றிம்மா என்றேன். ஒரு தடவையோடு நிறுத்தாமல் இரண்டாம் தடவையும் செய்து பார்த்திருக்கிறாளே, நல்ல மாணவி என்று ஒரு கணம் பெருமை வந்தது. அந்தக் கணத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இரண்டாவது. கல்லறைத் தோட்டத்தில் நீ கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “சூடு பண்ணிக் குடுத்தியாட்டி, இல்ல அப்படியே அள்ளிப் போட்டியா? வாயத் தொறந்து சொல்லு” என்றாய். எஸ்தர் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நீ பதிலாக எடுத்துக்கொண்டாய். நின்றவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே நீ பையை எடுத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டாய்.

நீ படித்தவன். சூடுபண்ணினால் கிருமி சாகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறாய்; வீட்டில் நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் இங்கே பொருந்தாது. இந்தக் கிருமி இரண்டு வகையில் ஆளைக் கெடுக்கும். ஒரு வகையில், அது வயிற்றுக்குள் போன பிறகு நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சு சூட்டுக்குத் தாங்காது. அந்த வகையாக இருந்தால், சோற்றை ஆவி பறக்கச் சூடுபண்ணியிருந்தால் பலன் இருந்திருக்கும். மற்ற வகையில், நம் பானையில் இருந்த வகையில், கிருமி சோற்றிலேயே இரவெல்லாம் இருந்து நஞ்சைச் செய்து வைத்துவிடுகிறது. காலையில் சூடுபண்ணினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. ஆய்வுக்கூடத்தில் கருவிகளைச் சுத்தப்படுத்தும் நீராவிச் சூட்டையும் அது தாங்கும். எஸ்தர் அந்தச் சோற்றை வறுத்திருந்தாலும், குக்கரில் வைத்து விசில் அடிக்க விட்டிருந்தாலும், பெனிட்டாவின் தட்டில் விழுந்தது அதே நஞ்சாகத்தான் இருந்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வாழ்நாளில் நான் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். இது அதில் ஒன்று.

நீ கவனித்திருக்க மாட்டாய், எஸ்தரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள். அன்று காலை நமக்கெல்லாம் இட்லி. பெனிட்டா மட்டும் கோயிலில் சாப்பிட்ட சோறுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். முந்தின நாள் பந்தியில் பெரியவர்களோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்ட பெருமை அவளுக்கு இன்னும் தீரவில்லை. தட்டில் அவள் மிச்சம் வைத்ததை எஸ்தர் இரண்டு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவினாள். அன்று மத்தியானம் நீ இங்கே டாக்டர் வீட்டு வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, அவள் பின்பக்கம் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் பார்த்தேன். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கையால் சைகை காட்டினாள். பிள்ளைக்கு முடியாத நேரத்தில் தன்னைப் பற்றிப் பேச்சு வரக்கூடாது என்று நினைத்திருப்பாள். நானும் சொல்லவில்லை. யாராவது சொல்லாதே என்றால் எனக்கு அது ரொம்பவும் சௌகரியம்.

மூன்றாவது விஷயத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. சுற்றி வளைத்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அசனம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் அரிசி கொடுத்து, ஆடு வெட்டி, கோயில் வளாகத்திலேயே ஆக்கி, ஏழை பணக்காரன் என்றில்லாமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. நம் சொந்த ஊர், மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்தில், மழையை நம்பிய ஊர். ஒரு வருஷம் உளுந்து ஏமாற்றும், ஒரு வருஷம் மக்காச்சோளம் ஏமாற்றும். ஆனால் அசனம் நின்றதில்லை. புதுப் பாயில் சோற்றை மலையாகக் குவித்து, வெள்ளை வேட்டியால் மூடி, குருவானவர் ஜெபம் பண்ணின பிறகுதான் கரண்டி உள்ளே போகும். பந்தி முடிந்து மிஞ்சும் சோற்றை எல்லாரும் வீட்டுக்கு வாங்கிப்போவார்கள். அதில் ஒரு பருக்கையைக்கூட வீணாக்கக் கூடாது. இந்தத் தடவை நீ சென்னையிலிருந்து விடுமுறையில் வந்திருந்தாய். வாளி நிறைய வாங்கி, மூடி போட்டு, கார் டிக்கியில் வைத்துச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்தாய். வெயில் உனக்குத் தெரியும்.

அன்று இரவு எஸ்தர் சோற்றைப் பானைக்கு மாற்றினாள். ஃபிரிட்ஜில் கறிச்சட்டியே இடத்தை அடைத்துவிட்டது. நாம் இருவரும் கூடத்தில் இருந்தோம். அடுப்படியிலிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

“ஒரே புழுக்கமா இருக்கு. சோத்துல தண்ணி ஊத்தி வச்சிரட்டா?”

நீ போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாய். “அசனச் சோத்துல எவளாவது தண்ணி ஊத்துவாளாட்டி? வாசுதேவநல்லூர்ல ஊத்துவீங்களோ என்னமோ.”

“எங்க ஊர்ல கொளத்துல தண்ணி கெடக்கு, ஊத்துதோம். உங்க ஊரு மாதிரியா?” என்று அவளும் சிரித்தாள். பிறகு சோற்றை அப்படியே பானையில் விட்டு, துவைத்த வெள்ளைத் துணியை நான்காக மடித்து மேலே போட்டு மூடினாள்.

மற்ற நாள்களில் மிஞ்சும் சோற்றில் நம் வீட்டிலும் தண்ணீர் ஊற்றித்தான் வைக்கிறோம். அது புளிக்கிறது. புளித்தால் இந்தக் கிருமிக்கு ஆகாது. நஞ்சைச் செய்ய முடியாமல் திணறும். தண்ணீர் ஊற்றியிருந்தால் பெனிட்டா உயிரோடு இருந்திருப்பாளா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாளிக்குள்ளேயே, வரும் வழியிலேயே, பாதி நடந்து முடிந்திருக்கலாம். ஆனால் நல்ல வாய்ப்பு இருந்தது என்று சொல்ல வேண்டும். வருஷம் முழுவதும் சாதாரணச் சோற்றுக்குச் செய்யும் காரியத்தை, ஜெபம் பண்ணின சோறு என்பதால், பழஞ்சோறு ஆக்கிவிடக் கூடாது என்ற மரியாதையால், அந்த ஒரு நாள் செய்யாமல் விட்டோம். எனக்குத் தெரிந்து நம் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் இதை இவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. என் அப்பா பார்த்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். நீ சிறுவனாக இருந்தபோது ஒரு தடவை, அசனச் சோற்றுச் சட்டியில் நீ செம்பைச் சாய்க்கப் போக, நான் அதை உன் கையிலிருந்து பிடுங்கி எறிந்தேன். உன்னை நான் அடித்ததே இல்லை; அதனால்தானோ என்னவோ, அன்று நீ பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாய்.

இதைச் சொல்வது பழியை எஸ்தரிடமிருந்து எடுத்து உன் தலையில் வைக்க இல்லை, தம்பி. உன் தலையில் வைத்தால் அது என் தலையில் இறங்கும். அன்று கூடத்தில் உனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, பல வருஷம் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தினவன். ராத்திரி வெளியே வைத்த சோற்றைப் பற்றி எத்தனையோ வகுப்பில் பேசினவன். அவன் அன்று வாய் திறக்கவில்லை. ஆனால் நீ அந்தக் கேள்வியை எஸ்தரிடம் கேட்டபோது, சில நாள் முன்பு அடுப்படியிலிருந்து வந்த கேள்வியை நீ மறந்திருந்தாய். அவள் உன்னிடம் ஒன்று கேட்டாள். நீ ஒன்று சொன்னாய். நீ சொன்னபடி அவள் நடந்தாள். அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒரே வரியில் உன் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை.

நாலாவதுக்கு என்னிடம் பதில் இல்லை. தலைப்பை எழுதும்போது இருந்த மாதிரி தோன்றியது. அதே குவியலிலிருந்து எத்தனையோ வீட்டுக்காரர்கள் வாங்கிப்போனார்கள். விசாரித்துப் பார்த்தேன். சிலர் இரவே சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சிலர் காலையில் தாளித்துச் சாப்பிட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் ஆட்டுக்கு வைத்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்த வளையத்தைச் சுமந்த கிருமி குவியலின் எந்த மூலையில் இருந்தது, எந்தக் கரண்டியில் ஏறி நம் வாளிக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை எல்லா வாளியிலும் இருந்து, நம் வாளிக்கு மட்டும் டிக்கியின் சூடு கிடைத்ததோ என்னவோ.

இந்தக் கிருமிக்கு நெருங்கின சொந்தங்கள் இரண்டு உண்டு. ஒன்றை இளையரசனேந்தல் பக்கம் பருத்திக்குப் புழு விழாமல் இருக்கப் பாக்கெட்டில் வாங்கித் தெளிக்கிறார்கள். இன்னொன்று, கிடை ஆடுகளுக்கு அடைப்பான் நோய் வந்து ராவோடு ராவாகச் சாகுமே, அதன் காரணம். மூன்றின் நீண்ட இழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒன்று மருந்தாவதும் ஒன்று கொலைகாரனாவதும் பெரும்பாலும் அந்தச் சிறு வளையங்களால்தான். இதை நான் வகுப்பில் ஒரு அதிசயம் போலச் சொல்வேன். பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து கேட்பார்கள். இதிலிருந்து மனிதர்களைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்ய எனக்கு ஆசை வந்து, அரைப் பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். கிருமியைப் பார்த்து மனிதர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. குருவானவர் வந்து ஜெபித்துவிட்டு, ஆண்டவருடைய சித்தம் என்றார். எஸ்தர் ஆமென் சொன்னாள். எனக்கு வாய் வரவில்லை.

ஐந்தாவது. நீ போன பிறகு எஸ்தர் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை. இந்த வீட்டில் நானும் அவளும்தான். எனக்கு அவளிடம் பேசத் தெரியாது. அவளுக்குப் பேச ஒன்றும் இல்லை. காலையில் பேப்பர் வந்துருச்சா என்பேன். வந்துருச்சு மாமா என்பாள். அவ்வளவுதான். முன்பு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தாளே, அந்த வகுப்பை இப்போது வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓய்வு எடுக்கட்டும் என்று சொன்னார்களாம். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டு அக்கம்பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்து வீட்டம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அன்பாகத்தான் பேசினாள். மறுநாள் அந்த முறுக்கு அவர்கள் வீட்டுக் குப்பை வாளியில் பொட்டலம் பிரிக்காமல் கிடந்ததை எஸ்தர் பார்த்தாள். நானும் அதைப் பார்த்துவிட்டதை அவள் கவனித்தாள். என்னைப் பார்த்து, உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்று சொல்கிறேன். இதை எழுதாமல் விட்டால் நீ எதையும் புரிந்துகொள்ள மாட்டாய். இப்போதெல்லாம் அவள் சமைத்ததும் எனக்குப் போடுவதில்லை. அடுப்படியில் நின்றபடி தான் முதலில் கொஞ்சம் சாப்பிடுகிறாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் என் தட்டை எடுக்கிறாள். ஆரம்பத்தில் சாப்பாடு ஏன் தாமதமாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கின அன்றைக்கு, வேண்டாம்மா என்று சொல்ல எழுந்து, அடுப்படி வாசல் வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆகவே தம்பி, வா. துபாய்க்குப் போவதை நான் தடுக்கவில்லை. போகும் முன் ஒரு நாள் வா. விளக்கம் ஒன்றும் சொல்லத் தெரியாவிட்டால் சொல்லாதே. இந்தக் கடிதத்தில் விளக்கம் போதுமான அளவு இருக்கிறது. சபையார் முன்னால் கேட்டதைச் சபையார் முன்னாலேயே திருப்பி எடுத்துக்கொள். அவள் காத்திருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன வாரம் உன் சட்டைகளை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்து, வெயிலில் போட்டு, தேய்த்து, அழகாக அடுக்கி வைத்தாள். வரமாட்டான் என்று நினைக்கிறவள் அதைச் செய்வாளா?

இங்கே கடிதத்தை முடித்துவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. முதல் மூன்று விஷயங்களுக்கும் ஏதோ ஒரு ஆதாரம் இருக்கிறது; நாலாவதுக்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். ஐந்தாவது நானாக எழுதியது. சரிபார்க்காததை எழுதக் கூடாது என்று மாணவர்களைத் திட்டியிருக்கிறேன். பயந்துகொண்டேதான், இன்று மத்தியானம் தாள்களை எஸ்தரிடம் கொடுத்து, படிச்சுப் பாரும்மா, தப்பு இருந்தா சொல்லு என்றேன். அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து படித்தாள். நான் வாசலிலேயே நின்றேன். தண்ணீர் ஊற்றுகிற இடம் வந்தபோது அந்தத் தாளை மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு முழுவதும் படித்தாள். அழவில்லை.

“மாமா, ஒண்ணு கேக்கேன். அந்தக் கிருமியில அந்த வளையம் இல்லாம, மத்த வகையா இருந்திருந்தா? சூடு பண்ணுனா போயிருக்கும்னு எழுதியிருக்கீங்களே, அந்த வகையா?”

அப்படியானால் நிலைமை வேறு என்றேன்.

“அப்ப நீங்க இந்த லெட்டர எழுதியிருக்க மாட்டீங்க. அப்படித்தான?”

பொய் சொல்ல நேரம் இருந்தது, ஆனாலும் வரவில்லை.

“அந்தப் பொண்ணு போன்ல பாசிட்டிவ்னு சொன்னதால நான் நல்லவ. நெகட்டிவ்னு சொல்லியிருந்தா பிள்ளையக் கொன்னவ. இத்தன மாசமா ஒரே வீட்டுல இருக்கோம், சூடு பண்ணுனியான்னு நீங்க ஒருநாளும் என்கிட்ட கேக்கல மாமா. பண்ணலன்னு சொல்லிருவேனோன்னு பயம். பானையக் கேட்டீங்க, லேப்புல கேட்டீங்க, ஊருல போயி வீடு வீடா கேட்டீங்க.”

இப்போது கேட்கிறேன் என்றேன்.

“இப்ப வேண்டாம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தாள்களை ஓரம் தட்டிச் சேர்த்து என் கையில் கொடுத்தாள். உன் சட்டைகளை மடித்து வைத்தது கூரியரில் உனக்கு அனுப்பத்தான் என்றாள். வெளிநாடு போகிறவருக்கு வேண்டியிருக்கும் என்றாள். உன் அக்கா அவளிடமும் பேசியிருக்கிறாள்; எனக்கு முன்பே எல்லாம் அவளுக்குத் தெரியும். வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டிருப்பதாகவும், கிடைத்தால் ஜூனில் போய்விடுவதாகவும் சொன்னாள். இவ்வளவு நாள் ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். பேப்பர் வந்ததா என்பதைத் தவிர, அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

“பிள்ள இங்கனதான கெடக்கா” என்றாள். “ஞாயித்துக்கிழமை போயி பாத்துட்டு வாரேன். அங்கயிருந்தும் பஸ்ல வந்துக்கலாம்னு இப்பத்தான் தோணுச்சு.”

முதலில் இருந்து திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். முதல் மூன்றும் எனக்குத் தெரிந்தவரை சரி. அவை அப்படியே இருக்கட்டும், சபையாரும் படிக்கட்டும். ஆனால் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆய்வுக்கூடம் அவளை விடுவித்துவிட்டது, ஆகவே நானும் விடுவிக்கிறேன் என்று நினைத்து நீ வராதே. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீ வந்து பெனிட்டாவைப் பார். எஸ்தர் இருந்தால், அவள் பேசினால், கேள். அதற்கு மேல் எனக்கு ஆலோசனை சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாவதாக நான் எழுதியது தவறு. அவள் உனக்காகக் காத்திருக்கவில்லை.

அப்பா